போலீஸ் பணியிடக் குறைப்பை சிட்டி கவுன்சிலில் எதிர்ப்பது எப்படி? (கலிஃபோர்னியா, சின்ன ஊர்)

ஏரிக்கரை_ஈஸ்ட்பே (கேள்வி)

வணக்கம். எங்களுடையது ஈஸ்ட் பே பக்கம் ஒரு சின்ன சிட்டி. ஷெரிஃப் ஒப்பந்தம் இல்லை, சொந்த போலீஸ் டிபார்ட்மெண்ட். ஸ்வோர்ன் பணியிடம் (கைது அதிகாரமுள்ள போலீஸ்) 60. அடுத்த நிதியாண்டு வரைவு பட்ஜெட்டில் அதில் 8 இடத்தை எடுத்துவிடலாம் என்று சிட்டி மேனேஜர் போட்டிருக்கிறார். விற்பனை வரி வசூல் இறங்கிவிட்டது, பென்ஷன் செலவு ஏறிவிட்டது என்பது காரணம். ஸ்டாஃப் ரிப்போர்ட்டில் சேமிப்புக் கணக்கு ஒரே வரிதான்: ஒரு அதிகாரிக்கான "முழுச் செலவு" பெருக்கல் 8.

தெருக் குழுவில் எல்லோரும் "கிரைம் கூடிவிடும்" என்று கவுன்சிலுக்கு மெயில் தட்டுகிறார்கள். வரும் பதில் எல்லோருக்கும் ஒரே டெம்ப்ளேட். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: எந்தக் கணக்கைக் கேட்டால் அவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும்? எந்த ஆவணங்களை வாங்க வேண்டும்? எங்களில் பாதிப் பேர் எச்1பி, க்ரீன் கார்டு. பேச உரிமை உண்டா?

---

பற்றுவரவு

கிரைம் வாதத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் பிடிக்க வேண்டியது அந்த ஒற்றை வரிச் சேமிப்பை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

"முழுச் செலவு" என்பதற்குள் சம்பளம், மெடிக்கல், அந்த வருடத்துக்கான பென்ஷன் பங்கு எல்லாம் இருக்கும். பெரும்பாலும் இன்னொன்றும் ஒளிந்திருக்கும்: பழைய பென்ஷன் பாக்கி, அதாவது யூ.ஏ.எல். அதைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துச் சேர்த்திருப்பார்கள். 2017-18 நிதியாண்டிலிருந்து கால்பெர்ஸ் (கலிஃபோர்னியா அரசு, உள்ளாட்சி ஊழியர்களின் பென்ஷன் அமைப்பு) இந்தப் பாக்கியைச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று வசூலிப்பதில்லை. நேரடியாக டாலர் தொகைக்கு பில் போடுகிறது. 60 பேர் இருந்தாலும் 52 பேர் இருந்தாலும் அந்த பில் மாறாது. எட்டுப் பேரை அனுப்பினால் அவர்கள் பங்கு மிச்சமாகாது, மீதி 52 பேர் கணக்கில் ஏறும், அவ்வளவுதான். அடுத்த வருடம் "ஒரு அதிகாரிக்கான முழுச் செலவு எகிறிவிட்டது" என்று அதே ரிப்போர்ட் வரும்.

அடுத்தது, போகப்போவது யார்? ஆட்குறைப்பு சீனியாரிட்டி வரிசையில் நடக்கும், கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே. அவர்கள் சம்பள அட்டவணையில் முதல், இரண்டாம் படியில் இருப்பவர்கள். 2013 ஜனவரி 1-க்குப் பிறகு புதிதாக கால்பெர்ஸில் நுழைந்தவர்கள் என்பதால் பெப்ரா (புதிய பென்ஷன் சட்டம்) விதிதான், பெரும்பாலும் 57 வயதில் ஓய்வு பெற்றால் ஒரு சேவை வருடத்துக்குச் சம்பளத்தில் 2.7 சதவீதம் என்ற கணக்கு. அவர்களுக்காக சிட்டி கட்டும் வருடாந்தரப் பங்கு பழைய ஆட்களுக்குக் கட்டுவதைவிடக் குறைவு. சராசரிச் செலவை 8-ஆல் பெருக்கினால் கிடைப்பது வெறும் காகிதச் சேமிப்பு.

வெளியேறுபவருக்குச் சேர்ந்திருக்கும் விடுப்புப் பணத்தைக் கொடுக்க வேண்டும். வேலையின்மை உதவித்தொகைக்குப் பெரும்பாலான சிட்டிகள் இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டுவதில்லை, மாநிலம் கொடுத்த தொகையை டாலருக்கு டாலர் திருப்பிக் கொடுக்கின்றன. முதல் வருடச் சேமிப்பில் இந்த இரண்டையும் கழித்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

அந்த 8-ல் எத்தனை இப்போதே காலி என்பதையும் கேளுங்கள். நடப்பு பட்ஜெட்டில் "காலியிடச் சேமிப்பு" என்று ஒரு கழிவு ஏற்கெனவே போட்டிருந்தால், அதே காலியிடத்தை நீக்கி மறுபடியும் சேமிப்பு காட்டுவது இரட்டைக் கணக்கு. இது அடிக்கடி நடக்கும், வேண்டுமென்றே செய்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. பட்ஜெட் ஆபீஸ் ஒரு ஷீட்டில் வேலை செய்யும், ஹெச்.ஆர். வேறொரு ஷீட்டில்.

இதற்கு வேண்டிய ஆவணங்கள் இரண்டே. ஒன்று, காலி / நிரம்பியது என்ற குறிப்போடு போலீஸ் துறையின் பணியிடப் பட்டியல். மற்றது, உங்கள் ஊரின் சேஃப்டி பிளானுக்கான (போலீஸ், தீயணைப்பு பென்ஷன் திட்டம்) கால்பெர்ஸ் வேல்யுவேஷன் ரிப்போர்ட், அதாவது வருடாந்தர பென்ஷன் மதிப்பீடு. அது கால்பெர்ஸ் தளத்திலேயே இருக்கிறது, யாரிடமும் கேட்க வேண்டாம். யூ.ஏ.எல். தவணை அட்டவணை அதில் வருடவாரியாக இருக்கும்.

வலேஹோவை உதாரணம் காட்டலாம், பக்கத்து ஊர், கவுன்சிலில் எல்லோருக்கும் தெரியும். 2008 மே மாதம் திவால் மனு, 2011 நவம்பரில் வெளியே வந்தது. போலீஸ் பலம் சுமார் 150-லிருந்து 100-க்குக் கீழே இறங்கியது. பென்ஷனில் மட்டும் கை வைக்கவில்லை. ஆளைக் குறைத்தும் பென்ஷன் சுமை குறையாத ஊர் அது. 2023-ல் அதே சிட்டி போலீஸ் ஆள் பற்றாக்குறைக்கென்றே அவசரநிலை அறிவித்தது.

---

ஷிஃப்ட்_கணக்கு

மேலே சொன்னது பணம். நான் மணிநேரத்தைச் சொல்கிறேன்.

"ஆயிரம் பேருக்கு இத்தனை போலீஸ்" என்ற விகிதத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். எஃப்.பி.ஐ. கணக்கில் 2019-ல் தேசிய சராசரி 2.4. கலிஃபோர்னியாவின் புறநகர் சிட்டிகள் பலவும் அதற்குக் கீழேதான். உங்களைவிடக் குறைந்த விகிதத்தில் ஓடும் ஊர் ஒன்றை மேனேஜர் உடனே எடுத்துக் காட்டுவார். போலீஸ் தலைவர்களின் சங்கமான ஐ.ஏ.சி.பி.யே அந்த விகிதத்தை வைத்து ஆள்பலம் முடிவு செய்யாதே என்கிறது.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரு ஷிஃப்டில் ரோட்டில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை என்ன, குறைப்புக்குப் பிறகு அது மாறுமா?

கணக்கு இப்படி. ஒரு இடத்தில் வருடம் முழுக்க ஓர் ஆள் நிற்க 8,760 மணிநேரம் வேண்டும். ஒருவருக்குச் சம்பளம் தருவது 2,080 மணிநேரத்துக்கு. விடுமுறை, சிக் லீவ், கட்டாயப் பயிற்சி, கோர்ட் சாட்சி எல்லாம் போக 1,730 கிடைத்தால் நல்லது. 8,760-ஐ 1,730-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 5.06. ஆக ரோட்டில் ஓர் ஆள் வேண்டுமென்றால் பட்டியலில் ஐந்து ஆள். குறைந்தபட்சம் 5 என்றால், சார்ஜெண்டுகளைச் சேர்க்காமல் 25-க்கு மேல் வேண்டும்.

உங்கள் ஊரில் ரோந்துக்கு 32 பேர் என்று வைத்துக்கொள்வோம் (சரியான எண்ணைப் பணியிடப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்). எட்டும் ரோந்திலேயே போனால் 24. அதில் எப்போதும் ஓரிருவர் காயத்தில் இருப்பார்கள், ஒருவர் அகாடமியிலோ ஃபீல்ட் டிரெயினிங்கிலோ இருப்பார். பணியில் காயம் பட்டவருக்கு லேபர் கோட் 4850 விதிப்படி ஒரு வருடம் வரை முழுச் சம்பளம். பட்டியலில் அவர் பெயர் இருக்கும், ரோட்டில் ஆள் இருக்காது. மூன்று பேரைக் கழித்தால் 21. அது 21 × 1,730 = 36,330 மணிநேரம். வேண்டியது 5 × 8,760 = 43,800. பள்ளம் 7,470 மணிநேரம், அத்தனையும் ஒன்றரை மடங்கு ஓவர்டைம். சாதாரணச் சம்பள நேரமாக மாற்றினால் 11,205, அதாவது கிட்டத்தட்ட ஐந்தரை ஆள் அடிப்படைச் சம்பளம். எட்டுச் சம்பளத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஐந்தரைச் சம்பளத்தை ஓவர்டைம் வரியில் கொட்டுகிறீர்கள். நியாயமாகச் சொல்வதென்றால் ஓவர்டைமுக்கு மெடிக்கலும் பென்ஷனும் ஏறாது, அதனால் சிட்டிக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஸ்டாஃப் ரிப்போர்ட்டில் போட்ட தொகை அல்ல.

ஓவர்டைம் வரியைக் கூட்டாமல் இதைச் சமாளிக்க ஒரே வழிதான் உண்டு: குறைந்தபட்சத்தை 5-லிருந்து 4-ஆக்குவது. 4 × 8,760 = 35,040, 21 பேருக்குள் அடங்கிவிடும். உண்மையான முடிவு அதுதான். ஆனால் அது கவுன்சில் ஓட்டுக்கு வராது, ஒரு மாதம் கழித்துத் துறைக்குள் மெமோவாகப் போய்விடும். குடும்பச் சண்டை அழைப்புக்கு இரண்டு பேர் போக வேண்டும். இன்னொரு பக்கம் அடிபட்ட விபத்தென்றால் அதற்கும் இரண்டு பேர். அதோடு ஊர் காலி. குடிபோதை டிரைவர் ஒருவரைப் பிடித்தால் ரத்தப் பரிசோதனை, வண்டி டோ, கவுண்டி ஜெயிலில் ஒப்படைப்பு, ரிப்போர்ட் என்று ஓர் ஆள் இரண்டு மணிநேரத்துக்குக் குறையாமல் வெளியே.

அடுத்து சி.ஏ.டி. டேட்டாவை வாங்குங்கள், டிஸ்பாட்ச் கணினிப் பதிவு. ஒவ்வொரு அழைப்புக்கும் வந்த நேரம், யூனிட்டுக்குக் கொடுத்த நேரம், போய்ச் சேர்ந்த நேரம், முடித்த நேரம், முன்னுரிமை எண், போன யூனிட்டுகள். இரண்டு வருடத்துக்குக் கேளுங்கள், சி.எஸ்.வி. கோப்பாகக் கேளுங்கள் (பி.டி.எஃப். கொடுத்தால் ஒன்றும் செய்ய முடியாது). முகவரியை பிளாக் அளவில் கொடுத்தால் போதும் என்று நீங்களே எழுதிவிடுங்கள், தனிநபர் ரகசியம் என்று இழுத்தடிக்க முடியாது.

அதை வைத்து வேலை செய்யும்போது தப்பு நடக்கும் இடம்: அதிகாரி தானாக நிறுத்திய டிராஃபிக் ஸ்டாப்புக்கு "போய்ச் சேர்ந்த நேரம்" பூஜ்யம். அதைக் கழிக்காமல் சராசரி போட்டால் ரெஸ்பான்ஸ் டைம் அழகாக இருக்கும். சிட்டி பிரசன்டேஷனில் வரும் எண்ணில் அது கலந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பொதுமக்கள் அழைத்தவற்றை மட்டும் பிரித்து, சராசரியை விட்டுவிட்டு மீடியனும் (வரிசையின் நடு எண்) 90-வது பர்சென்டைலும் (பத்தில் ஒன்பது அழைப்பு அதற்குள் அடங்கும் நேரம்) பாருங்கள். காத்திருந்த நேரம் வேறு, வண்டி ஓடிய நேரம் வேறு. ஆள் குறைந்தால் வீங்குவது முதலாவது. முதல் முன்னுரிமை அழைப்பு வந்தபோது கையில் ஒரு யூனிட்டும் இல்லாத தருணங்கள் எத்தனை என்று மணிவாரியாக எண்ணுங்கள். கவுன்சில் உறுப்பினருக்கு மற்ற எல்லாச் சார்ட்டையும்விட இந்த ஓர் எண் உறைக்கும்.

எதிர்ப்பக்கமும் இந்த டேட்டாவைப் பயன்படுத்தும், தெரிந்துகொள்ளுங்கள். ரோந்து நேரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் அழைப்பு வேலையில் கரையக்கூடாது என்பது ஐ.சி.எம்.ஏ. (சிட்டி மேனேஜர்களின் சங்கம்) ஆலோசகர்களின் வழக்கம். உங்கள் ஊரில் அது 30 சதவீதம் என்று வந்தால் அதையே குறைப்புக்கு ஆதாரமாக்குவார்கள். அதனால் மொத்த சராசரியை ஏற்காதீர்கள். வெள்ளி, சனி இரவு தனி, செவ்வாய் விடியற்காலை தனி.

---

மறுபக்கம்

எட்டையும் அப்படியே காப்பாற்ற வேண்டும் என்று நின்றால் தோற்பீர்கள். வருவாய் நிஜமாகவே இறங்கியிருந்தால் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும்.

கான்சஸ் சிட்டி ரோந்துப் பரிசோதனையை (1972-73) யாராவது இழுப்பார்கள்: சும்மா சுற்றும் ரோந்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் குற்றத்தில் பெரிய மாற்றமில்லை என்ற முடிவு. அது செல்லும். ஆனால் அங்கே ரோந்தை நிறுத்திய பகுதிகளிலும் அழைத்தால் போலீஸ் வந்தது. அழைப்புக்கு வர ஆள் இல்லாத நிலையை அது சோதிக்கவே இல்லை. கேம்டனை இழுப்பார்கள், "போலீஸைக் கலைத்தார்கள், குற்றம் குறைந்தது" என்று. நியூ ஜெர்சி கேம்டன் 2011 ஜனவரியில் 160-க்கும் மேற்பட்டவர்களை, கிட்டத்தட்ட பாதிப் படையை, அனுப்பியது. 2012-ல் அந்தச் சின்ன ஊரில் 67 கொலை. 2013-ல் சிட்டி துறையைக் கலைத்துவிட்டுக் கவுண்டி துறையாக மாற்றியபோது பழைய யூனியன் ஒப்பந்தம் போனது, ஆள் எண்ணிக்கை கூடியது. இரண்டு பக்கத்தாரும் பாதிக் கதையைத்தான் சொல்வார்கள்.

ஆய்வு வேண்டுமென்றால் சால்ஃபின், மெக்ரேரி இருவரும் 2018-ல் வெளியிட்டது: போலீஸ் 10 சதவீதம் கூடினால் வன்முறைக் குற்றம் சுமார் 3.4 சதவீதம், சொத்துக் குற்றம் 1.7 சதவீதம் குறையும் என்ற அளவு. அது பெரிய, நடுத்தர நகரங்களை வைத்துப் போட்ட கணக்கு. 60 பேர் துறைக்கு அதைப் பெருக்கி "இத்தனை திருட்டு கூடும்" என்று சொன்னால் பக்கத்து சீட்டிலிருந்தே சிரிப்பார்கள்.

நான் கொடுக்கச் சொல்வது இவை. திருட்டு அலாரம்: வரும் அலாரங்களில் 90 சதவீதத்துக்கு மேல் பொய் என்பது எல்லா ஊரிலும் தெரிந்தது. சால்ட் லேக் சிட்டி 2000 டிசம்பரிலிருந்து, கம்பெனி ஆளோ கேமராவோ உறுதி செய்த பிறகுதான் போலீஸ் வரும் என்று விதி போட்டது. அலாரத்துக்காக வண்டி ஓடுவது சுமார் 90 சதவீதம் விழுந்தது. ஓர் ஆர்டினன்ஸ் (ஊர்ச் சட்டம்) போதும். ஆள் இல்லாத கார் உடைப்பு, பர்ஸ் தொலைந்தது போன்ற ரிப்போர்ட்டை ஆன்லைனுக்கோ கைது அதிகாரமில்லாத சி.எஸ்.ஓ. (கம்யூனிட்டி சர்வீஸ் ஆபீசர்) ஊழியருக்கோ மாற்றலாம். டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் ஸ்வோர்ன் ஆளைக் கண்டுபிடியுங்கள், நிச்சயம் இரண்டு பேராவது இருப்பார்கள்.

மனநல அழைப்புக்குத் தனிக் குழு என்பதும் நல்லதுதான், ஆனால் அதைக் காட்டிப் போலீஸ் இடத்தை எடுப்பதற்கு முன் அந்தக் குழுவின் நிதி எத்தனை வருடத்துக்கு உறுதி என்று கேளுங்கள். ஆரிகன் யூஜீனில் 1989-லிருந்து ஓடிய கஹூட்ஸ், நாடே உதாரணம் காட்டிய திட்டம், 2025 ஏப்ரலில் அந்த ஊரில் நின்றுவிட்டது. காரணம் பணம்.

---

ஏரிக்கரை_ஈஸ்ட்பே

மூவருக்கும் மிக்க நன்றி. பணியிடப் பட்டியல் கிடைத்துவிட்டது: எட்டில் 5 காலி, 3 பேர் நிஜ ஆட்கள். இரண்டு சந்தேகம். காலி இடத்தை எடுத்தால் யாருக்கும் வேலை போகவில்லையே, அதை ஏன் எதிர்க்க வேண்டும் என்கிறார் எங்கள் கவுன்சில் உறுப்பினர். போலீஸ் யூனியன் சட்டப்படி தடுக்க முடியாதா?

---

மூணு_நிமிஷம்

யூனியனை நம்பி உட்காராதீர்கள். ரிச்மண்ட் தீயணைப்பு யூனியன் வழக்கில் 2011-ல் கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது: ஆட்குறைப்பு என்ற முடிவு நிர்வாகத்தின் உரிமை, அதன் விளைவுகளைப் பற்றி மட்டும்தான் பேச்சுவார்த்தை.

காலியிடம் பற்றி. நீக்குவதும் முடக்கி வைப்பதும் ஒன்றல்ல. முடக்கிய இடத்தை பிப்ரவரி இடைக்கால பட்ஜெட் ஆய்வில் திறந்துவிடலாம். நீக்கிய இடத்தைப் புதிதாக உருவாக்க வேண்டும். அதன் பிறகு பின்னணி விசாரணை, மனநலத் தேர்வு, மெடிக்கல். அகாடமி மாநிலக் குறைந்தபட்சம் 664 மணிநேரம், நடைமுறையில் ஆறு மாதம். ஃபீல்ட் டிரெயினிங் குறைந்தது 10 வாரம். இன்று முடிவெடுத்தால் தனியாக வண்டி ஓட்டும் ஆள் கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல்.

கிராண்ட் விஷயம் இதைவிடக் கூர்மையானது. ஃபெடரல் காப்ஸ் ஹயரிங் கிராண்ட் (போலீஸ் ஆள் சேர்க்க ஃபெடரல் அரசு தரும் பணம்) மூன்று வருடத்துக்கு, ஆரம்பநிலைச் சம்பளத்தில் 75 சதவீதம் வரை, ஓர் இடத்துக்கு 1,25,000 டாலர் உச்சவரம்பு. மீதி 25 சதவீதம் சிட்டி போட வேண்டும், முடிந்தபின் 12 மாதம் அந்த இடத்தை வைத்திருக்க வேண்டும். உள்ளூர்ப் பணத்தை எடுத்துவிட்டு அந்த ஓட்டையைக் கிராண்டால் அடைக்கக்கூடாது என்பது விதி. உங்கள் சிட்டி இப்போது அந்தக் கிராண்டில் இருந்தால், இந்தக் குறைப்பு அதை மீறுமா என்று சிட்டி அட்டர்னியிடம் எழுத்தில் பதில் கேளுங்கள். இல்லையென்றால் ஆட்குறைப்புப் பட்டியலில் இருப்பவரைத் தக்கவைக்கவும் அதில் ஒரு பிரிவு உண்டு என்பதைச் சொல்லுங்கள், உங்கள் 3 பேருக்குப் பொருந்தும். மாநிலத்திலிருந்து எஸ்.எல்.இ.எஸ்.எஃப். (உள்ளூர் போலீஸுக்கான துணை) நிதி ஒவ்வொரு சிட்டிக்கும் வருடம் குறைந்தது 1,00,000 டாலர் வருகிறது. அதிலும் இதே மாதிரி விதி இருக்கிறது.

பேச உரிமை: பிரவுன் ஆக்ட் (கலிஃபோர்னியாவின் திறந்த கூட்டச் சட்டம்) "பொதுமக்கள்" என்கிறது, குடியுரிமை கேட்கவில்லை. பேச்சாளர் சீட்டில் முகவரி எழுதுவது கட்டாயமில்லை. ஆவணம் கேட்கும் பப்ளிக் ரெக்கார்ட்ஸ் சட்டமும் அப்படியே, எச்1பி ஆனாலும் சரி. 10 நாளில் தருவோம், தரமாட்டோம் என்று பதில் சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் 14 நாள் நீட்டிக்கலாம். கோப்பு கைக்கு வர அதற்கும் மேல் ஆகும். நிதியாண்டு ஜூலை 1, ஓட்டு ஜூனில். ஆகவே சி.ஏ.டி. டேட்டாவை இந்த வாரமே கேட்டுவிடுங்கள். அஜெண்டா 72 மணிநேரம் முன்பு ஒட்டப்படும். பட்ஜெட் திருத்தம் கன்சென்ட் காலண்டரில் (விவாதமில்லாமல் ஒரே ஓட்டில் நிறைவேறும் பட்டியல்) மொத்தமாகப் போயிருந்தால் தனியாக எடுக்கச் சொல்லி ஓர் உறுப்பினரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

மூன்று நிமிஷம் என்பார்கள், கூட்டம் அதிகமானால் மேயர் ஒரு நிமிஷமாக்கிவிடுவார். அதனால் ஒருவருக்கு ஒரு விஷயம்: ஒருவர் யூ.ஏ.எல்., ஒருவர் குறைந்தபட்ச ஷிஃப்ட், ஒருவர் அலாரம் ஆர்டினன்ஸ். ஒவ்வொருவரும் தீர்மான வாசகத்தோடு முடிக்க வேண்டும். உங்கள் ஊருக்கு நான் எழுதினால்: "3 நிரம்பிய இடங்கள் தொடரும். 5 காலி இடங்கள் நீக்கப்படாமல் முடக்கப்படும், பிப்ரவரி ஆய்வில் மறுபரிசீலனை. ரோந்துக் குறைந்தபட்சத்தை மாற்ற கவுன்சில் ஒப்புதல் தேவை." கவுன்சிலில் ஐந்து பேர் என்றால் மூன்று ஓட்டு. மூன்றாவது ஓட்டு யாருடையது என்று கூட்டத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

"பணம் எங்கே?" என்று கேட்பார்கள். ரிசர்வ் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு மாதச் செலவாவது கையிருப்பு வேண்டும் என்பது ஜி.எஃப்.ஓ.ஏ. (அரசு நிதி அதிகாரிகளின் சங்கம்) பரிந்துரை. அதற்கு மேல் இருப்பதை அந்த 3 பேருக்கு ஒரு வருடம் மட்டும் கேட்கலாம். அதற்கு மேல் ரிசர்வில் சம்பளம் கொடுக்கச் சொன்னால் பற்றுவரவு என்னை அடிப்பார். நிரந்தர வழி, வாக்காளர் ஓட்டுக்கு விடும் விற்பனை வரி மெஷர்தான். பொது வரி என்றால் வாக்காளர்களில் பாதிக்கு மேல் போதும், போலீஸுக்கென்றே எழுதி கவுன்சில் கொண்டுவந்தால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஸ்டாக்டன் 2013-ல் மெஷர் ஏ என்று முக்கால் சென்ட் பொது வரியையும், பணம் எதற்குப் போக வேண்டும் என்ற ஆலோசனை ஓட்டை மெஷர் பி என்றும் ஜோடியாக வைத்து ஜெயித்தது. 120 கூடுதல் போலீஸ் என்பது பிரச்சாரம். ஆலோசனை ஓட்டு கவுன்சிலைக் கட்டுப்படுத்தாது, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

---

பற்றுவரவு

அடிப்பதாக இல்லை, ஒரு வருடம் சரி :)

5 காலி என்றதும் ஒன்று. நடப்பு பட்ஜெட் புத்தகத்தில் போலீஸ் பக்கத்தில் "காலியிடச் சேமிப்பு" அல்லது "சாலரி சேவிங்ஸ்" என்று மைனஸ் தொகை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தையும் ஸ்டாஃப் ரிப்போர்ட்டின் அந்த ஒரு வரியையும் ஒரே தாளில் பிரிண்ட் எடுத்து, கூட்டத்தன்று மதியத்துக்குள் சிட்டி கிளார்க்கிடம் கொடுங்கள். எழுத்துக் கருத்தாகப் பதிவாகிவிடும். ஃபைனான்ஸ் டைரக்டர் மேடையில் பதில் சொல்லாவிட்டாலும் அடுத்த கூட்டத்து ரிப்போர்ட்டில் சொல்லியாக வேண்டியிருக்கும்.